முப்பத்தேழு பாகம்

அருளப்புவின் இடது கை முழங்கையில் கொஞ்சம் மடிந்தே இருக்கும். பதினாலு வயதில் புளியமரத்தால் விழுந்தவன். முறிவு வைத்தியர் கட்டின கட்டு பிசகி, எலும்பு அப்படியே பொருந்திவிட்டது. தோணி வலிக்கவும் வலை வீசவும் அந்தக் கை ஒருநாளும் குறை வைத்ததில்லை. கயிறு அளக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். மட்டக்களப்பு வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிறவர்கள் கயிற்றைப் பாகத்தில்தான் அளப்பார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. அருளப்பு விரித்தால் ஐந்தேகால் அடிதான் வரும். காத்தான்குடியில் வலைக்கடை வைத்திருக்கும் மர்சூக் இதைச் சொல்லிச் சொல்லி இருபது வருடமாகச் சிரிக்கிறார். கயிறு விற்கிறதென்றால் அருளப்பரைக் கூப்பிட்டு அளப்பிக்க வேண்டும், வாங்குகிறதென்றால் அவரைக் கடைப்பக்கமே விடக்கூடாது என்பார். அருளப்புவும் சேர்ந்து சிரிப்பான். அவன் கட்டின வலையெல்லாம் கொஞ்சம் கட்டைதான். மீன் என்ன, அடிக்கோல் கொண்டா வருகிறது?

ஆனால் மனிதர் அளந்து பார்க்கிற காரியங்களும் உலகத்தில் உண்டு. போன ஆடி மாதம் அப்படியொரு காரியம் அருளப்புவின் கையில் வந்து விழுந்தது.

அவன் மகள் டினோஷாவுக்கு இருபது வயது. பள்ளிக்கூடத்தில் எல்லே என்ற நாட்டு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தவளை, ஏறாவூரில் இருந்து வரும் விளையாட்டு ஆசிரியர் ஸாஹிர் சேர் பேஸ்போலுக்கு இழுத்துவிட்டார். இரண்டும் அண்ணன் தம்பி விளையாட்டுத்தான். எறிகிற பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓட வேண்டும். பேஸ்போலில் பந்து வேலியைத் தாண்டிவிட்டால் ஓடவே தேவையில்லை, ஆறுதலாக நடந்து சுற்றி வரலாம். அதற்கு ஹோம் ரன் என்று பெயர். மாவட்டத்துப் பிள்ளைகளில் வேலி தாண்ட அடிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று டினோஷா. மற்றது மர்சூக்கின் மகள் சஹ்லா. சஹ்லா தகப்பனின் கடையில் வலை மூட்டை தூக்கி வளர்ந்த பிள்ளை. முழுக்கைச் சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டின கறுப்புத் துணியுமாக வந்து நின்று அவள் ஒன்று போட்டால், பந்தைத் தேட ஆள் அனுப்ப வேண்டும். டினோஷா அடித்தால் பந்து வேலியடியில் விழும். நல்ல நாளில் தாண்டும். இது அருளப்புவுக்குத் தெரியும். பெற்ற தகப்பனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கொழும்பில் ஒரு சீருடைச் சேவையின் பெண்கள் அணிக்கு மாவட்டத்துக்கு ஒரு பிள்ளை எடுக்கப் போகிறார்கள் என்று சேதி வந்தது. எடுபட்டால் உத்தியோகம், சாகும்வரை பென்சன். இருபத்தொரு வயது தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பதால் இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான் கடைசி வருடம். டினோஷாவின் தாய் றீற்றா ஆறு வருடமாகக் குவைத்தில் யாரோ வீட்டு அடுப்படியில் நிற்கிறாள். பிள்ளைக்கு வேலை சரிவந்தால் அடுத்த மாதமே டிக்கெட் போடுவேன் என்று போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அன்றிலிருந்து அருளப்புவுக்கு வேறு நினைப்பு இல்லை. தோணியில் போனாலும் அதுதான், சோற்றில் கை வைத்தாலும் அதுதான்.

மட்டக்களப்பில் பேஸ்போலுக்கென்று தனி மைதானம் கிடையாது. நொச்சிமுனைப் பக்கம் வாவிக்கரையில் சும்மா கிடந்த வெறுந்தரையை ஸாஹிர் சேர் கேட்டு வாங்கினார். அடிக்கிறவள் வாவிக்கு முதுகு காட்டி நின்று கிழக்கே தெருப்பக்கமாக அடிக்க வேண்டும். மறுபக்கம் வைத்தால் பந்தெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும், ஒரு பந்து ஜப்பானில் இருந்து வர வேண்டும். வேலிக்கு அருளப்பு தன் பழைய வலைகளைக் கம்பு நட்டுக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டான். இருநூற்று இருபது அடியில் வேலி நிற்க வேண்டும் என்றார் சேர். அவருடைய அளவுநாடா ஏதோ போட்டிக்கு இரவல் போய்த் திரும்பி வரவில்லை. முப்பத்தேழு பாகம் பிடித்தால் சரிதானே என்று அருளப்புவே கணக்குப் பார்த்துச் சொன்னான். சேருக்கு அது பிடித்துக்கொண்டது. தண்ணீரில் பிழைக்கிறவனுக்குப் பாகம் சொல்லிக் கொடுக்கவா வேண்டும் என்று அவர் சாப்பாட்டுப் பார்சலுக்கு ஒழுங்கு செய்யப் போய்விட்டார்.

தேர்வுக்கு முதல் நாள் மாலை அருளப்பு கயிற்றை விரித்து விரித்து முப்பத்தேழு எண்ணினான். நுனியைப் பிடித்துக்கொண்டு அரைவட்டமாகச் சுற்றி வந்து கம்பு நட்டான். அந்த நேரத்தில் அவன் மனதில் ஒரு களவும் இல்லை. வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்லலாம். நாற்பது வருடமாக அளக்கிற மாதிரித்தான் அளந்தான். ஒரு பாகத்துக்கு முக்கால் அடி வீதம், வேலி இருபத்தெட்டு அடி உள்ளே வந்து நின்றது. மர்சூக் அங்கே நின்றிருந்தால் ஒரு பகிடியோடு இந்தக் கதை முடிந்திருக்கும். அவர் அன்று கடையில் நின்றார்.

மறுநாள் சனிக்கிழமை. கொழும்பில் இருந்து ஒரு மிஸ்ஸும் இரண்டு சேர்மாரும் வந்திருந்தார்கள். ஏழு பிள்ளைகள், ஆளுக்குப் பத்துப் பந்து. எத்தனை தாண்டுகிறது என்று எண்ணி எழுதுவார்கள், அவ்வளவுதான். துண்டுச்சீட்டு எடுத்ததில் சஹ்லாவுக்கு மூன்றாவது இடமும் டினோஷாவுக்குக் கடைசி இடமும் வந்தன.

ஆடி மாதத்துக் கச்சான் காற்றை அறிந்தவர்களுக்குத்தான் இதன் அர்த்தம் தெரியும். கச்சான் மேற்கே இருந்து வாவியைக் கடந்து வரும் சுடுகாற்று. காலையில் எழும்பி, வெயில் ஏற ஏற மூர்க்கம் கொண்டு, உச்சிப்பொழுதில் ஆளைத் தள்ளும். அடிக்கிறவளின் முதுகுப் பக்கமிருந்து வருகிறபடியால் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். சூட்டில் காற்று இளகி இருக்கும், பந்து வழுக்கிக்கொண்டு போகும் என்று ஸாஹிர் சேரும் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறார். ஆனால் எத்தனை மணிக்கு அது சாகும் என்று படிப்பிக்க அவருக்குத் தெரியாது. அது வாவியில் கிடக்கிறவனுக்குத்தான் தெரியும். அன்று விடியற்காலம் தண்ணீரைப் பார்த்தபோதே அருளப்பு கணித்துவிட்டான்: ஒன்றரை மணிக்குக் கச்சான் விழும், இரண்டு மணிக்குள் கிழக்கே கடற்காற்று எழும்பும். எழும்பினால் பந்துக்கு நேர் எதிரே வரும். கடைசி ஆளுக்கு அதுதான் பங்கு.

பதினொன்றரைக்கு முதல் பிள்ளை அடித்தாள். வெல்லாவெளியில் இருந்து வந்த மெலிந்த பிள்ளை. வாழ்க்கையில் ஒருநாளும் வேலியைத் தொட்டிராதவள் இரண்டைத் தாண்டவிட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். அருளப்பு கை தட்டவில்லை. காற்று தூக்கினாலும் இவ்வளவு தூக்காது. அவன் வேலியைப் பார்த்தான், பிறகு தன் முழங்கையைப் பார்த்தான். வேலி உள்ளே வந்து நிற்கிறது என்று விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே சேரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். கம்பைப் பிடுங்கி நட அரை மணித்தியாலம் போதும். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினான். வேலி எல்லாருக்கும் கிட்டத்தானே நிற்கிறது, யாருக்கு நட்டம் என்று தனக்குத் தானே நியாயம் சொன்னான். பிழை செய்தவனுக்கு நியாயம் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் தேவையில்லை.

அதோடு விட்டிருந்தாலும் போகட்டும் என்று மன்னிக்கலாம். இரண்டாவது பிள்ளை முடிக்கும்போது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மர்சூக் மகளின் பக்கத்தில் நின்றார். பிள்ளை அடித்துவிட்டே போய்த் தொழட்டும், நேரம் இருக்கிறது, அவசரமில்லை என்று அவர் சேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அருளப்பு முன்னால் வந்து, மர்சூக்கைக் காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான்.

"காக்கா, பிள்ளை ஆறுதலாத் தொழுதுட்டு, சாப்பிட்டு வரட்டும். அவசரத்தில நிண்டு அடிச்சா மனம் ஒரு நிலையா நிக்காது. அந்த இடத்தில என்ட பிள்ளை அடிக்கட்டும், சஹ்லா கடைசியா அடிக்கட்டும்."

இந்த ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் செய்த காரியங்களை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இன்னும் சாகவில்லை. ஆகையால் ஒரு கிறிஸ்தவன், எல்லார் முன்னிலையிலும், முஸ்லிம் பிள்ளையின் தொழுகைக்கு இடம் விட்டுக் கொடுக்கிறான் என்றால் அதை மறுக்க எவருக்கும் நா வராது. மறுத்தால் அது மரியாதைக் கேடு. ஸாஹிர் சேருக்கு முகம் மலர்ந்தது. கொழும்பு மிஸ்ஸுக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்த, அவவும் தலையாட்டினா. மர்சூக் அருளப்புவின் கையைப் பிடித்தார். இருபது வருடமாகப் பகிடி பண்ணின அதே கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு அல்லாஹ் நல்லதையே நாடுவான் என்றார். அந்தப் பிடி சூடாக இருந்தது. அருளப்பு கையை உருவிக்கொண்டான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவர்கள், அடுத்தவன் களத்துக் காற்றை எடுத்துத் தூற்றச் சொல்லவில்லை.

டினோஷா பன்னிரண்டேகாலுக்கு நின்றாள். கச்சான் மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பத்தில் ஏழு தாண்டின. ஏழாவது பந்து வலைவேலியையும் தாண்டித் தெருவில் போன ஓட்டோவின் கூரையில் விழுந்தது. அவள் திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். சின்ன வயதில் முதன்முதல் நீந்திக் காட்டியபோது பார்த்த அதே பார்வை. தன்னிடம் இவ்வளவு பலம் இருக்கிறதென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. இல்லாத பலம்.

சஹ்லா கடைசியாக வந்து நின்றபோது இரண்டரை மணி. கடற்காற்று நெஞ்சுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. அவள் ஒவ்வொன்றையும் சுத்தமாக அடித்தாள். மட்டையில் பட்ட சத்தமே வேறு. பந்துகள் எழும்பின, உயரத்தில் போய் நின்றன, வேலிக்கு இப்பால் இறங்கின. மூன்றுதான் தாண்டின. இருபத்தெட்டு அடி குறைந்த வேலியிலும் மூன்று. சஹ்லா மட்டையைக் கீழே வைத்துவிட்டு நேரே டினோஷாவிடம் போய்க் கட்டிப்பிடித்தாள். தாளில் ஏழு என்றும் மூன்று என்றும் எழுதிக்கொண்டு கொழும்புக்காரர் போனார்கள். எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதவில்லை, காற்று எங்கே இருந்து என்றும் எழுதவில்லை.

டினோஷா ஆவணியில் முகாமுக்குப் போனாள். சஹ்லாவின் கதை வேறு மாதிரிப் போனது. பொம்பிளைப் பிள்ளையை வெளியில் விளையாட விட்டிருக்கிறாய் என்று சொந்தக்காரர் வாய்க்கு வந்தபடி பேசியபோதெல்லாம், ஒரு உத்தியோகத்துக்குத்தான் விடுகிறேன் என்று ஒரே பதிலை மர்சூக் சொல்லி வந்தார். அந்தப் பதில் இப்போது கையில் இல்லை. புரட்டாசியில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை இரண்டு கிழமையில் கட்டாருக்குத் திரும்பினார், சஹ்லா வீட்டோடு இருந்தாள். மட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாளாம். நைலோன் நூல் வாங்கப் போன அன்று மர்சூக் இதையெல்லாம் சொல்லிவிட்டு, உங்கட மகள் போனதே எங்கட பிள்ளை போன மாதிரித்தான் என்றார். அருளப்பு நூலை வாங்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தான்.

முகாமில் முதல் சோதனையிலேயே டினோஷா தவறினாள். அங்கே மைதானம் நாடா பிடித்து அளந்த மைதானம். மழைக்காலம்; காற்றில் ஈரம், பந்திலும் ஈரம். பத்தில் ஒன்றும் தாண்டவில்லை. அந்தக் கொழும்பு மிஸ் நல்ல மனுசி. புது இடம், பதற்றமாக இருக்கும் என்று நினைத்து, தை மாதம் வரைக்கும் தவணை கொடுத்தா. பத்தில் ஐந்து தாண்டினால் நியமனம் உறுதி, இல்லாவிட்டால் பெயர் வெட்டப்படும். டினோஷா ஒரு நாளைக்கு இருநூறு தடவை மட்டையை வீசினாள். மற்றப் பிள்ளைகள் படுத்த பிறகும் வீசினாள். ஏழு அடித்த ஆளுக்கு ஐந்து வராமல் போகுமா? பலம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, தேடினால் வந்துவிடும் என்று நம்பினாள். ஐப்பசியில் வலது தோள் கிழியத் தொடங்கியது. ஆறு கிழமை ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவள் மூன்றாம் நாளே மட்டையை எடுத்தாள்.

"அப்பா, எனக்குப் பந்து எறிஞ்சு தாங்க. இஞ்ச நிண்டு அடிச்சாத்தான் எனக்குத் திரும்பி வரும்."

டாக்டர் ஓய்வு சொன்னவரே என்றான் அருளப்பு. தை மாதத்துக்கு இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது, ஓய்வெடுத்தால் எப்படி அடிப்பது என்று கேட்டாள். அவளிடம் சொல்வதற்கு அவனிடம் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொன்னான். பனி விழுகிறது என்றான், தரை ஈரம் என்றான், தனக்கு இடுப்பு நோகிறது என்றான். ஆனாலும் பின்னேரங்களில் அவளோடு போய்ப் பந்து எறிந்தான்.

அந்த நாட்களை அருளப்பு எப்படிக் கழித்தான் என்று சொன்னால் ஒருவரும் இரங்கப் போவதில்லை, இரங்கவும் தேவையில்லை. வாடைக்காற்று தொடங்கி வாவி கரை தட்ட நின்றது. வலைவேலியை எப்போதோ அவிழ்த்துவிட்டார்கள். தூரம் தெரிவதற்காக டினோஷா ஸாஹிர் சேரிடம் நாடா வாங்கி இருநூற்று இருபது அடியை அளந்து ஒரு தடி நட்டாள். நட்டுவிட்டு வந்து, வேலி இவ்வளவு தூரத்திலயா நின்றது அப்பா, எனக்கு அப்படித் தெரியவில்லையே என்றாள். அவன் குனிந்து பந்துகளைப் பொறுக்கினான். அடித்த பந்துகள் அந்தத் தடிக்கு முப்பது நாற்பது அடி இப்பால் ஈரத்தில் பொத்தென்று விழுந்து கிடந்தன. விளையாடப் போகுமுன் அவள் நோவுக்கு இரண்டு குளிசை விழுங்குவாள். பிறகு மூன்றாயிற்று. இரவில் அந்தக் கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் படுத்திருப்பாள். காலையில் சீப்புப் பிடிக்க முடியாமல் இடது கையால் தலை இழுத்தாள்.

மூன்று தடவை அவன் சொல்ல எழும்பினான். முதல் தடவை றீற்றா போன் எடுத்தாள், அதோடு போயிற்று. இரண்டாம் தடவை பூசைக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டுவரை நடந்து, வரிசையில் நின்று, வரிசை குறையத் திரும்பி வந்தான். மூன்றாம் தடவை டினோஷாவே வாய்ப்புக் கொடுத்தாள். தின்றுகொண்டிருந்த பிட்டை நகர்த்திவிட்டு, அப்பா, என்னில் என்ன பிழை என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. ஒரு பிழையும் இல்லை மகள், உன்னில் ஒரு பிழையும் இல்லை என்றான். அது உண்மை. அந்த உண்மையின் மறுபாதியைச் சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை. மகள் தன்னை வெறுப்பாள் என்ற பயம்தான், வேறென்ன. பிள்ளையின் கையைவிட, பிள்ளை தன்னைப் பார்க்கிற பார்வை அவனுக்குப் பெரிதாக இருந்தது. ஆசை வெட்கமறியாது என்பார்கள், பயமும் அறியாது.

அது நடந்து எட்டாம் நாள், மார்கழி இரண்டாம் கிழமை. மழை விட்டிருந்தது. வாடை வடக்கே இருந்து குறுக்காக அடித்தது. பத்துப் பந்தில் எட்டு எறிந்தாயிற்று, எல்லாம் தடிக்கு இப்பால். போதும் மகள் என்றான் அருளப்பு. இன்னும் இரண்டு இருக்கிறது, எறியுங்கள் என்றாள். அவன் எறிந்தான். நல்ல உயரத்தில், அவளுக்குப் பிடித்த இடத்தில், வேண்டுமென்றே இலேசாகத்தான் எறிந்தான். அவள் உடம்பு முழுவதையும் சேர்த்து வீசினாள். மட்டை பந்தில் பட்டது. அதே நேரத்தில் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், அறுபது அடி தள்ளி நின்ற அவனுக்கே கேட்டது. டினோஷா முழங்காலில் இருந்தாள். கை தோளில் இருந்து தொங்கியது. அவள் கத்தவில்லை. பந்து எங்கே விழுந்தது என்று மட்டும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சமாகக் கிழிந்திருந்தது இப்போது முழுதாக அறுந்துவிட்டது. ஒட்டலாம், சோறு தின்னலாம், எழுதலாம். தோளுக்கு மேலே அந்தக் கை இனி எழும்பாது என்று டாக்டர் சொன்னார். முதலில் கண்ட காயத்தோடு ஓய்வாக இருந்திருந்தால் இவ்வளவுக்கு வந்திருக்காது என்றும் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அருளப்பு வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்தான்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். வலைவேலி எத்தனை அடி குறைவாக நின்றது, அதை எப்போது கண்டுபிடித்தான், ஏன் வாய் திறக்கவில்லை, தொழுகையைச் சாட்டி இடம் மாற்றியது எதற்காக, எத்தனை மணிக்குக் காற்று மாறும் என்று விடியவே தெரிந்திருந்தது, ஒன்றையும் விடவில்லை. டினோஷா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரி கஞ்சி குடிப்பதை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தாள்.

"அண்டைக்கு வேலி சரியா நிண்டு, காத்தும் இல்லாட்டி, நான் எத்தினை அடிச்சிருப்பன்?"

அருளப்பு ஒருதரம் கணக்குப் பார்த்தான். "மூணு. மிஞ்சிப் போனா மூணு."

"சஹ்லா?"

"அவள் ஏழு எட்டு அடிச்சிருப்பாள்."

டினோஷா கண்ணைத் திறந்தாள். அழுகை இல்லை. அவளுடைய முகத்தில் அருளப்பு கோபத்தைத் தேடினான், அது இருந்தால் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று. கோபம் இல்லை.

"மூணு எனக்குக் காணும் அப்பா. மூணு எண்டு தெரிஞ்சிருந்தா நான் மூணோட இருந்திருப்பன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு விளையாட்டுப் படிப்பிச்சுக்கொண்டு இருந்திருப்பன். நான் ஏழைத் தேடித்தானே கையை உடைச்சன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வேலியும் காத்தும் போகட்டும். போன கிழமை என்னில என்ன பிழை எண்டு உங்களிட்டக் கேட்டன். அப்ப சொல்லியிருக்கலாமே. அப்ப எனக்குக் கை இருந்திச்சே."

 எந்தப் பாதிரியாரிடம் போய்க் கேட்டாலும் அதற்குப் பதில் கிடைக்கப் போவதில்லை. கடவுளே, அந்தப் பிட்டுக் கோப்பைக்கு முன்னால் என்னை ஒருதரம் திரும்பக் கொண்டுபோய் விடு என்று மனதுக்குள் மன்றாடினான். மணி அடித்து, பார்வையாளர் எழும்பத் தொடங்கினார்கள். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்லத் தேவையில்லை என்றாள் டினோஷா. பிறகு இடது கையால் தலையணைக்குக் கீழே தடவிப் போனை எடுத்தாள். பழக்கமில்லாத கை; ஒவ்வொரு இலக்கமாகத் தேடிப் பெருவிரலால் அமர்த்தினாள். உதவி செய்யக் குனிந்த தகப்பனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அழைப்புப் போகும் சத்தம் கேட்டது.

"டினோ, கை எப்பிடிடி இருக்கு? நான் நாளைக்கு வாப்பாவோட உன்னைப் பார்க்க வரத்தான் இருந்தன்," என்றது சஹ்லாவின் குரல்.

டினோஷா போனைத் தகப்பனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக் காதில் வைத்தான்.

"மகள், நான் டினோஷாட அப்பா கதைக்கிறன்."

"சொல்லுங்க அங்கிள். டினோக்கு என்ன? ஏதும் கூடிப்போச்சா?" சஹ்லா அவசரமாகக் கேட்டாள்.

"இல்ல மகள், அவளுக்கு ஒண்டுமில்ல," என்றான் அருளப்பு.

வாய் திறந்ததும் முதலில் வந்தது பொய்தான். டினோஷா கட்டிலில் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாதி வந்து நேரம் முடிந்துவிட்டது, வெளியே போங்கள் என்றா. அருளப்பு அசையாமல் நின்று, போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து, வேலிக்குக் கயிறு அளந்த மாலையிலிருந்து தொடங்கினான்.